விரல்களை நிமிர்த்திய டாக்டர்

உங்கள் சொத்து எது என்று கல் செதுக்கும் சிற்பியைக் கேளுங்கள். வலை இழுக்கும் மீனவரைக் கேளுங்கள். இரண்டு கைகளையும் நீட்டிக் காட்டுவார்கள். மாமல்லபுரம் கடற்கரையில் உளி பிடிக்கும் கையும் வலை பிடிக்கும் கையும் ஓய்ந்தால் அடுப்பு எரியாது.

அந்தக் கடற்கரையிலிருந்து மேற்கே சுமார் 30 கிலோமீட்டர் தூரத்தில் செங்கல்பட்டு இருக்கிறது. அதன் அருகே திருமணி என்று ஓர் ஊர். அங்கே ஒரு காலத்தில், கை இருந்தும் கை இல்லாதவர்களாகப் பலர் வாழ்ந்தார்கள். அவர்களைத் தொழுநோய் பிடித்திருந்தது. விரல்கள் மடங்கிப் போயிருந்தன.

அந்த விரல்களை நிமிர்த்தும் வழியைக் கண்டவர் டாக்டர் பால் பிராண்டு. கிறிஸ்தவ மார்க்கம் சொல்லும் உண்மையான செல்வம் எது? அவருடைய வாழ்க்கையே அதற்குப் பதில் சொல்கிறது.

கொல்லிமலைச் சிறுவன்

பிராண்டு 1914-ம் ஆண்டு பிறந்தார். தந்தை பெயர் ஜெஸ்ஸி. தாய் பெயர் ஈவ்லின். இருவரும் இங்கிலாந்திலிருந்து சமயப் பணிக்காக வந்தவர்கள். கொல்லிமலையில் மலைவாசிகளோடு குடியிருந்தார்கள். வைத்தியம் பார்த்தார்கள். பள்ளிக்கூடம் நடத்தினார்கள். சிறுவன் பால் மரம் ஏறி, மலைப் பிள்ளைகளோடு விளையாடி வளர்ந்தான்.

ஒன்பதாவது வயதில் படிப்புக்காக அவனை இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். தந்தையை அவன் மறுபடியும் பார்க்கவே இல்லை. 1929-ம் ஆண்டு ஜெஸ்ஸி மலையில் விஷக் காய்ச்சலில் இறந்தார். சாவுச் செய்தி தந்தியில் வந்தது. அவர் முன்பே எழுதிய கடிதம் அதற்குப் பிறகு கப்பலில் வந்து சேர்ந்தது!

தந்தையைப் போல ஏழைகளுக்கு உழைக்க வேண்டும் என்று பால் விரும்பினார். முதலில் அவர் டாக்டருக்குப் படிக்கவில்லை. கொத்து வேலையும் தச்சு வேலையும் கற்றார். பிறகுதான் லண்டனில் மருத்துவம் படித்து ஆபரேஷன் டாக்டர் ஆனார். மார்கரெட் என்ற பெண் டாக்டரை மணந்தார்.

1946-ம் ஆண்டு வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வேலைக்கு வந்தார். இங்கிலாந்திலேயே இருந்திருந்தால் நல்ல வருமானமும் வசதியும் கிடைத்திருக்கும். அவர் அதை நாடவில்லை.

திருமணியில் ஒரு நாள்

அப்போது திருமணியில் லேடி வில்லிங்டன் தொழுநோய் ஆஸ்பத்திரி நடந்து வந்தது. டாக்டர் ராபர்ட் காக்ரேன் அங்கே நோயாளிகளுக்காகப் பாடுபட்டவர். நோய்க்கிருமியை ஒடுக்கும் புதிய மருந்தையும் கொடுத்து வந்தார். 1947-ம் ஆண்டு அவர் பிராண்டை அங்கே அழைத்துச் சென்று சுற்றிக் காட்டினார்.

காக்ரேன் தோல் நோயைப் பற்றி விளக்கிக்கொண்டே நடந்தார். பிராண்டின் கண்கள் கைகளையே பார்த்தன. எங்கும் வளைந்த விரல்கள். குட்டையான விரல்கள். விரலே இல்லாத கைகள். இவை ஏன் இப்படி ஆயின என்று அவர் கேட்டார். காக்ரேன் அந்தக் கேள்வியை அவர் பக்கமே திருப்பினார். எலும்பு டாக்டராகிய நீங்கள் அல்லவா அதைக் கண்டுபிடிக்க வேண்டும் என்றார். இந்தக் கைகளை ஆராய எந்த ஆபரேஷன் டாக்டரும் அதுவரை முன்வரவில்லை.

ஒரு நோயாளியின் கையில் பிராண்டு தம் கையைக் கொடுத்தார். பலமாக அழுத்தும்படி சொன்னார். அந்த ஆள் அழுத்தினார். அப்பப்பா! இரும்புப் பிடி! பிராண்டு வலியால் துடித்தார். ஆனால் தாம் இவ்வளவு பலமாக அழுத்துகிறோம் என்று அந்த ஆளுக்கே தெரியவில்லை.

அந்த ஒரு பிடியில் பிராண்டுக்கு இரண்டு உண்மைகள் தெரிந்தன. கையில் பலமுள்ள தசைகள் இன்னும் இருக்கின்றன. உணர்ச்சிதான் செத்துவிட்டது.

எலி செய்த வேலை

தொழுநோயில் சதை தானாக அழுகி விரல் விழுகிறது என்றுதான் எல்லாரும் நம்பி வந்தார்கள். அது உண்மையல்ல என்று பிராண்டும் அவருடன் உழைத்தவர்களும் கண்டார்கள். நோய் நரம்பைக் கெடுக்கிறது. வலி தெரியாமல் போகிறது. சுடுகிற பாத்திரத்தைத் தொட்டாலும் கையை இழுக்கத் தோன்றாது. காலில் ஆணி குத்தினாலும் நடந்துகொண்டே இருப்பார்கள். புண் பெரிதாகி எலும்பு வரை போகும். இப்படித்தான் விரல்கள் குறைந்தன.

சில நோயாளிகளுக்கு இரவில் தூங்கும்போது விரல் நுனி காணாமல் போயிற்று. காரணம் புரியவில்லை. கண் விழித்துக் காவல் இருந்து பார்த்தார்கள். எலி வந்து கடித்துத் தின்றது! வலி இல்லாததால் தூங்கினவர் எழுந்திருக்கவில்லை. அன்று முதல் நோயாளிகளுக்குப் பூனைகளைக் கொடுத்தார்கள்.

விரல்களை நிமிர்த்தவும் வழி பிறந்தது. நல்ல தசையின் நாணை எடுத்து, செயல் இழந்த விரலில் பொருத்தி ஆபரேஷன் செய்தார்கள். மடங்கிய விரல் நிமிர்ந்தது. கை சோறு பிசைந்தது. பேனா பிடித்தது.

பிச்சை கிடைக்கவில்லை

ஆனால் எதிர்பாராத துன்பம் ஒன்று வந்தது. ஆபரேஷன் முடிந்து போன சிலர் வாடிய முகத்தோடு திரும்பி வந்தார்கள். கை நன்றாக இருப்பதைப் பார்த்து யாரும் பிச்சை போடவில்லை. பழைய நோயாளி என்று தெரிந்து யாரும் வேலையும் கொடுக்கவில்லை. குணமான கையோடு பட்டினி கிடந்தார்கள்!

விரலை நிமிர்த்தினால் போதாது, வாழ்வையும் நிமிர்த்த வேண்டும் என்று பிராண்டு உணர்ந்தார். கல்லூரி நிலத்திலேயே மண் சுவர்க் குடிசைகள் எழுந்தன. அதற்குப் புதுவாழ்வு நிலையம் என்று பெயர். அங்கே நோயாளிகள் தொழில் கற்றார்கள். தச்சு வேலையை பிராண்டே கற்றுக்கொடுத்தார். இளமையில் அவர் பிடித்த வாய்ச்சியும் உளியும் இப்போது உதவின. மரப் பொம்மைகள் செய்தார்கள். சொந்த உழைப்பில் சாப்பிட்டார்கள்.

வலியும் ஒரு வரம்

ஒரு சமயம் இங்கிலாந்தில் நீண்ட ரயில் பயணத்துக்குப் பிறகு பிராண்டு காலுறையைக் கழற்றினார். ஒரு குதிகாலில் உணர்ச்சி இல்லை! ஊசியால் குத்திப் பார்த்தார். வலிக்கவில்லை. தமக்கும் நோய் தொற்றிவிட்டது என்று நினைத்தார். மனைவி மக்களைப் பிரிய வேண்டி வருமே என்று இரவெல்லாம் கலங்கினார். காலையில் மறுபடியும் குத்தினார். சுரீர் என்று வலித்தது! பயணத்தில் கால் மரத்துப் போனதுதான் காரணம். அந்த வலிக்காக அவர் கடவுளுக்கு நன்றி சொன்னார். அது முதல் வலியும் கடவுள் கொடுத்த நன்கொடை என்று சொல்லி வந்தார்.

தொழுநோயாளியை இயேசு கையால் தொட்டுக் குணமாக்கினார் என்று பைபிள் கூறுகிறது. வேலூரில் நடந்த ஒரு ஜெபக் கூட்டத்தில் பிராண்டு அந்தக் கைகளைப் பற்றிப் பேசினார். இயேசுவின் கைகள் தச்சு வேலை செய்த கைகள், ஆணி அறையப்பட்ட கைகள், உயிர்த்தெழுந்த பின்னும் தழும்பு மாறாத கைகள் என்று எடுத்துச் சொன்னார். அதுவரை துணிக்குள் கையை மறைத்து வைத்திருந்தவர்கள், கூட்டம் முடிந்ததும் அந்தக் கைகளை உயரத் தூக்கிக் கும்பிட்டார்கள். அவர்கள் கையில் காசு இல்லை. வெட்கமும் இல்லை.

விட்டுச் சென்ற செல்வம்

1955-ம் ஆண்டு வேலூர் அருகே காரிகிரியில் தொழுநோய் ஆராய்ச்சி ஆஸ்பத்திரி ஏற்பட்டது. அதே ஆண்டில் திருமணி ஆஸ்பத்திரியை இந்திய அரசாங்கம் ஏற்று, ஆராய்ச்சி நிலையமாக மாற்றியது. 1966-ம் ஆண்டு பிராண்டு அமெரிக்கா சென்றார். தொழுநோயில் கற்ற பாடத்தைக் கொண்டு, நீரிழிவு நோயாளிகளின் கால்களைக் காக்கவும் வழி சொன்னார். 2003-ம் ஆண்டு ஜூலை 8-ந்தேதி காலமானார்.

இன்று தொழுநோய்க்கு முழுக் குணம் தரும் மருந்து இலவசமாகக் கிடைக்கிறது. உடலில் உணர்ச்சியற்ற, வெளிறிய தேமல் தோன்றினால் மறைக்க வேண்டாம். உடனே டாக்டரிடம் காட்டுங்கள். ஆரம்பத்திலேயே மருந்து சாப்பிட்டால் கை கால் ஊனம் வராமல் தடுக்கலாம்.

கடவுள் அருள் பெற்றவன் வீட்டில் பொன்னும் பொருளும் குவியும் என்று நினைப்பவர்கள் உண்டு. பிராண்டு அப்படி நினைக்கவில்லை. பிச்சைக்காக நீண்ட கை, உழைத்துச் சம்பாதித்து இன்னொருவருக்குச் சோறு போட்டால் அதுவே செல்வம் என்று அவர் வாழ்ந்து காட்டினார். அந்தச் செல்வத்தை அவர் வாரி வழங்கினார். அது குறையவே இல்லை.