அயர்லாந்தின் வித்து, வில்லியனூரின் வேதனை

அயர்லாந்து எங்கே இருக்கிறது? அங்கே பேசுவது ஆங்கிலம்தானே? ஆங்கிலம் பேசுகிறவனுக்கு ஆங்கிலேயனோடு என்ன சண்டை? அந்தக் கதை நமக்கு எதற்கு? வில்லியனூரிலும் பாகூரிலும் கூட்டம் முடிந்து மேடையைவிட்டு இறங்கும்போது தோழர்கள் நம்மிடம் கேட்கும் கேள்விகள் இவை. கேட்கட்டும். கேள்வி பிறந்தால்தான் தெளிவு பிறக்கும்.

பிரிட்டனுக்கு மேற்கே, கடல் சூழ்ந்த பச்சைத் தீவு அயர்லாந்து. தலைநகர் டப்ளின். ஷானன் ஆற்றங்கரையில் லிமரிக் நகரம். அதற்கு வடக்கே, மேற்குக் கடலோரம் கால்வே. அந்த மக்களுக்கென்று ஐரிஷ் என்ற தனிமொழி உண்டு. ஆங்கிலம் அங்கே ஆட்சியோடு நுழைந்தது. நிலம் பறித்தவன் மொழி நீதிமன்றத்தின் மொழியாயிற்று, சந்தையின் மொழியாயிற்று, கடைசியில் வீட்டின் மொழியுமாயிற்று. 1937-ல் இயற்றிய அரசியல் சட்டத்தில் ஐரிஷ்தான் முதல் ஆட்சிமொழி என்று எழுதி வைத்தார்கள். எழுதி என்ன? இன்றும் பெரும்பாலோர் அன்றாடம் பேசுவது ஆங்கிலமே! மொழியை இழப்பது எளிது, மீட்பது அரிது என்று அந்தத் தீவு நமக்குப் பாடம் சொல்கிறது.

அது மட்டுமல்ல, தோழர்களே! அந்தத் தீவின் வித்து ஒன்று நம் மண்ணிலேயே வந்து விழுந்து, முள்ளாக முளைத்தது. அவன் பெயர் தாமஸ் ஆர்தர் லாலி. நம் வீட்டுத் திருமணத்தில் லாலி பாடுவார்கள். ஊஞ்சல் ஆடும், உள்ளம் குளிரும். இந்த லாலி வந்தபோதோ ஊரே உறக்கம் இழந்தது!

அவன் தந்தை கால்வே மாவட்டத்துக்காரர். ஆங்கிலேயரிடம் தோற்று, 1691-ல் லிமரிக் உடன்படிக்கை ஆனபிறகு, அயர்லாந்தின் போர்வீரர்கள் ஆயிரக்கணக்கில் கப்பலேறிப் பிரான்சுக்குப் போனார்கள். காட்டு வாத்துகள் என்று அவர்களுக்குப் பெயர். ஊரில் தங்கியவர்கள் நிலை என்ன? கத்தோலிக்கன் நிலம் வாங்கக்கூடாது, படைக்கலம் வைக்கக்கூடாது, பள்ளி நடத்தக்கூடாது என்று சட்டத்தின்மேல் சட்டம் பாய்ந்தது. சொந்த மண்ணிலேயே அவர்கள் தீண்டத்தகாதவர்களானார்கள்.

அப்படி நாடிழந்த குடும்பத்தில், 1702-ல், பிரான்சின் ரோமான் என்ற ஊரில் பிறந்தான் லாலி. ஆங்கிலேயன்மீது அடங்காத பகை. 1745-ல் ஃபோன்டனாய்ப் போர்க்களத்தில் ஐரிஷ் படைப்பிரிவு ஆங்கிலேயரை எதிர்த்து மோதியது. லாலியின் வீரத்தைக் கண்ட பிரெஞ்சு மன்னன் பதினைந்தாம் லூயி அங்கேயே அவனுக்குப் பதவி உயர்வு தந்தான். வீரம் இருந்தது, ஐயமில்லை. நேர்மையும் இருந்தது, இலஞ்சம் வாங்கிக் கொழுத்த கம்பெனி அதிகாரிகளை அவன் வெறுத்தான். இல்லாதது ஒன்றே ஒன்று. என்ன அது? சொல்கிறோம்.

1758 ஏப்ரல் 28. புதுவையில் வந்து இறங்கினான். ஆங்கிலேயரை இந்த நாட்டைவிட்டே விரட்டுவது அவன் நோக்கம். உடனே கடலூரைப் பிடி, தேவனாம்பட்டினத்துக் கோட்டையைத் தகர் என்று கிளம்பினான். வண்டி இல்லை, மாடு இல்லை, சுமையாள் இல்லை. இருக்கிறார்களே தமிழர்கள்! வீடு புகுந்து பிடித்து வந்தார்கள். பார்ப்பனரும் பறையரும் ஒரே நுகத்தில் பூட்டப்பட்டார்கள். பீரங்கி வண்டியை இழுத்தார்கள்.

வெள்ளையர் எழுதிய வரலாறுகளில் இதைப் படிக்கலாம். சாதி ஆசாரத்தைக் கெடுத்தான், அதனால் மக்கள் மனம் புண்பட்டது என்று அவனைக் குறை சொல்லியிருப்பார்கள். நாம் அப்படிக் குறை சொல்லமாட்டோம். மேலோன் கீழோன் என்ற சுவர் இடிந்தால் மகிழ்கிறவர்கள் நாம். ஆனால் அவன் சுவரை இடித்தானா? இருவரையும் மனிதர்களாக்கியா சமமாக்கினான்? இருவரையும் மாடுகளாக்கியல்லவா சமமாக்கினான்! ஒரே நுகத்தடியில் கழுத்தைக் கொடுப்பது சமத்துவம் அல்ல. நுகத்தடியை ஒடிப்பதே சமத்துவம்.

தேவனாம்பட்டினத்துக் கோட்டை ஜூன் மாதம் விழுந்தது. படைக்குச் சம்பளம் கொடுக்கப் பணம் வேண்டும். தஞ்சை மன்னனிடம் பழைய பாக்கி இருக்கிறது என்று படையெடுத்தான். வழியில் கீழ்வேளூர்க் கோயிலில் புதையல் தேடித் தோண்டினான். ஒற்றர்கள் என்று சொல்லி அர்ச்சகர்கள் சிலரைப் பீரங்கி வாயில் வைத்துச் சுட்டான். தஞ்சை விழவில்லை. பசியோடு காரைக்காலுக்குத் திரும்பினான். 1758 டிசம்பரில் சென்னையை முற்றுகையிட்டான். 1759 பிப்ரவரியில் அதையும் கைவிட்டான். 1760 ஜனவரி 22-ல் வந்தவாசியில் அவன் முதுகெலும்பு முறிந்தது.

முறித்தவன் யார்? அயர் கூட். அவன் எந்த ஊர்? அதே அயர்லாந்து! லிமரிக் மாவட்டம்! ஆங்கில ஆட்சியின் நிழலில் அங்கே நிலம் பெற்று வாழ்ந்த குடும்பத்தின் வழி வந்தவன். கால்வேயில் நிலம் இழந்தவன் மகன் ஒரு பக்கம், நிலம் பெற்றவன் வழிவந்தவன் மறு பக்கம். அயர்லாந்தின் வழக்கை இவர்கள் தீர்த்துக்கொள்ள, அடி வாங்கியது தமிழ்நாட்டு வயல்!

1752-ல் பாகூர் வெளியில் ஒருமுறை பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் மோதியிருந்தார்கள். 1760 ஜூலையில் வில்லியனூரின் முறை வந்தது. புதுவைக்கு மேற்கு வாசல் வில்லியனூர். அங்கிருந்த கோட்டையைக் கூட் வளைத்தான். மைசூர்க் குதிரைப்படையைத் துணை சேர்த்துக்கொண்டு லாலி மீட்க வந்தான். அந்தப் படை கண்ணுக்கெட்டும் தூரத்தில் வந்துகொண்டிருக்கும்போதே கோட்டை ஆங்கிலேயர் கையில் விழுந்தது. துணைக்கு வந்தவர்களும் மனம் தளர்ந்து ஊர் திரும்பினார்கள். மேற்கு வாசல் அடைபட்டது. கடலில் ஆங்கிலக் கப்பல்கள். புதுவைக்குள் பசி புகுந்தது.

இனிமேல்தான் நெஞ்சைப் பிளக்கும் செய்தி. நவம்பர் இறுதியில், தானியம் மிச்சமாகட்டும் என்று, நகரத்துத் தமிழர்களை வெளியே துரத்தினான் லாலி. ஆணும் பெண்ணும் குழந்தையுமாக 1,400 பேர். ஆங்கிலப் படை வழிவிடவில்லை. கோட்டைக்குத் திரும்பினார்கள், கோட்டையிலிருந்து குண்டு வந்தது. முன்னே துப்பாக்கி, பின்னே துப்பாக்கி. நடுவெளியில் எட்டு நாள் கிடந்தார்கள், புல்லின் வேரைப் பிடுங்கித் தின்றுகொண்டு! அதன்பிறகே கூட் வழிவிட்டான். அந்த 1,400 பேர் என்ன குற்றம் செய்தார்கள்? லாலிக்குத் தெரியாதா, சொந்த வீட்டிலிருந்து துரத்தப்படுவது என்னவென்று? அவன் தந்தையும் துரத்தப்பட்டவர்தானே!

1761 ஜனவரி 16-ல் புதுவை சரணடைந்தது. வென்றவர்கள் நகரத்தை இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். லாலியைக் கைதியாக இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார்கள். அங்கே இருந்திருந்தால் பிழைத்திருப்பான். துரோகி என்று பிரான்சில் பேசுகிறார்கள் என அறிந்து, வழக்கைச் சந்திக்கத் தானே போனான். சிறையில் ஆண்டுகள் கழிந்தன. 1766 மே 9-ல், பேசிவிடாதபடி வாய்ப்பூட்டுப் போட்டு இழுத்துச் சென்று, பாரிஸ் சதுக்கத்தில் தலையை வெட்டினார்கள். வால்டேர் அவனுக்காக எழுதினார். மகன் ஓயாமல் வாதாடினான். 1778-ல் மன்னன் அவை அந்தத் தீர்ப்பைத் தள்ளியது. தள்ளினால் போன தலை திரும்புமா? ரத்தம் கொடுத்தும், மன்னனுக்கு வேண்டியபோது அவன் வீரன், வேண்டாதபோது துரோகி.

அவனிடம் இல்லாதது எது என்றோம். மக்களைப் பற்றிய எண்ணம்! ஆதிக்கக்காரனை வெறுப்பது ஒன்று, ஆதிக்கத்தையே வெறுப்பது வேறொன்று. முன்னது பகை, பின்னதுதான் விடுதலை வேட்கை. லாலிக்கு முன்னது மலையளவு இருந்தது; பின்னது மருந்துக்கும் இல்லை. அயர்லாந்து விடுதலை பெற்றது வேற்று மன்னனின் கூலிப்படையில் சேர்ந்தல்ல. தன் மக்களைத் திரட்டி, 1916-ல் டப்ளினில் எழுந்து, 1922-ல் தன்னாட்சி கண்டு, 1949-ல் குடியரசானது. வடக்கே ஆறு மாவட்டங்கள் மட்டும் இன்றும் பிரிட்டனோடு இருக்கின்றன.

நம் பக்கம் திரும்புங்கள். அதே வில்லியனூர்ப் பக்கத்துக் கீழூரில், 1954 அக்டோபர் 18-ல், மக்களின் பிரதிநிதிகள் 178 பேர் கூடினார்கள். பிரெஞ்சு ஆட்சி வேண்டாம், இந்தியாவோடு இணைவோம் என 170 பேர் வாக்களித்தார்கள். எதிர்த்தவர் 8 பேர். இரு கோட்டைகளுக்கு நடுவே புல்வேர் தின்ற 1,400 பேரை அன்று எந்தத் தளபதியும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கீழூரில்தான் அவர்கள் வழிவந்தவர்களைக் கேட்டார்கள்.

தோழர்களே, யார் வந்து எந்த எதிரியைக் காட்டி அழைத்தாலும், அவனிடம் முதலில் ஒன்று கேளுங்கள்: வண்டியை இழுக்கப்போவது யார்? பதில் நம் கழுத்தைத் தேடுமானால், அவன் எந்தக் கொடி பிடித்து வந்தாலும் அவன் லாலிதான்!