சுட்ட கை எழுப்பிய எச்சரிக்கை

ஆனைமலையின் பழைய வேட்டைக் கதைகளைப் படிக்கும்போதுதான் வில்லியம் டெம்பிள் ஹார்னடேயின் பெயர் எனக்கு அறிமுகமாயிற்று. அமெரிக்காவின் இண்டியானா மாகாணத்தில் 1854-இல் பிறந்த அவர், அருங்காட்சியகங்களுக்கு விலங்குகளைச் சேகரிக்கத் தமது இருபதுகளில் இந்தியா வந்தார். ஆனைமலைக் காடுகளில் வேட்டையாடினார். அவ்வனுபவங்களை 1885-இல் நூலாகவும் வெளியிட்டார். ஒரு வேட்டைக்காரர் என்ற அளவிலேயே அவரை எண்ணியிருந்தேன். பிற்கால வாழ்க்கை என் எண்ணத்தை மாற்றியது.

விலங்குகளைப் பாடம் செய்யும் வல்லுநராக ஸ்மித்சோனியன் நிறுவனத்தில் பணியாற்றிய அவர், 1886-இல் காட்டெருமைகளைத் தேடி மொன்டானாவுக்குச் சென்றார். கோடிக்கணக்கில் அவை திரிந்த சமவெளியில் எலும்புகளே இறைந்து கிடந்தன. தோல் வணிகம் அவற்றைத் துடைத்தெடுத்திருந்தது. எஞ்சியவற்றிலும் இருபதுக்கு மேற்பட்டவற்றைக் காட்சிக்கென அவரே சுட்டுக் கொணர்ந்தார் என்பது கசப்பான முரண்.

ஆயினும் அந்த அதிர்ச்சி அவரை மாற்றியது. வட அமெரிக்காவில் எஞ்சியிருப்பவை 1,091 மட்டுமே என்று 1889-இல் கணக்கிட்டு உலகுக்கு அறிவித்தார். பின்னர் நியூயார்க்கின் பிராங்க்ஸ் உயிரியல் பூங்காவின் இயக்குநரானார். அங்கு வளர்ந்த 15 காட்டெருமைகள் 1907-இல் ஓக்லஹோமாவின் புல்வெளிக்கு ரயிலில் அனுப்பப்பட்டன. அழிந்துவரும் உயிரினங்கள் குறித்துப் பொதுமக்களை எச்சரிக்கும் நூலை 1913-இல் வெளியிட்டார். மறு ஆண்டே உலகின் கடைசிப் பயணிப்புறா ஒரு கூண்டில் இறந்தது.

இத்துடன் நிறுத்தினால் அது புகழுரையாகிவிடும். 1906-இல் அதே பூங்காவின் குரங்குக் கூடத்தில், காங்கோவைச் சேர்ந்த ஓட்டா பெங்கா என்ற இளைஞரை அவர் காட்சிப்பொருளாக்கினார். கறுப்பினப் போதகர்களின் எதிர்ப்பால் அவர் விடுவிக்கப்பட்டார். பத்தாண்டுகளில் அவ்விளைஞர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். பூங்காவை நடத்தும் அமைப்பு வருத்தம் தெரிவித்தது 2020-இல்தான்.

1937-இல் மறைந்த ஹார்னடேயை நாயகனாகவோ கொடியவராகவோ மட்டும் நம் பிள்ளைகளுக்குக் காட்டலாகாது என்பதே என் கருத்து. அழிவைக் கண்ணால் கண்ட வேட்டைக்காரர் காவலராக மாற முடியும் என்பது முதற்பாடம். விலங்குக்காக உருகும் நெஞ்சமும் சக மனிதனைக் காணத் தவறக்கூடும் என்பது அடுத்த பாடம். இன்று ஆனைமலை புலிகள் காப்பகம். அங்கே புலியைக் காக்கும் அக்கறை, தலைமுறைகளாக அக்காட்டில் வாழும் காடர்களின் உரிமையையும் சேர்த்தே காக்க வேண்டும்.