கிரெகர் மெண்டல்: பட்டாணி விதைகளை எண்ணிய துறவி

தாயைப் போலப் பிள்ளையும் நூலைப் போலச் சேலையும் அமையும் என்பதை நம் முன்னோர் கண்டறிந்து பழமொழியாகவே வழங்கி வந்தனர். ஆனால், சில பிள்ளைகள் பெற்றோரை விட்டுப் பாட்டன் பாட்டியை ஒத்துப் பிறப்பது ஏன்? ஒரு தலைமுறையில் மறைந்த இயல்பு அடுத்த தலைமுறையில் எங்கிருந்து வருகிறது? இவ்வினாவுக்கு முதன்முதலில் தெளிவான விடை கண்டவர், ஆசிரியப் பரீட்சையில் இருமுறை தேறாது போன ஒரு கத்தோலிக்கத் துறவியாவர். கிரெகர் மெண்டல் என்னும் அப்பெரியாரின் வாழ்க்கையை ஈண்டுச் சுருக்கமாக நோக்குவோம்.

1822 ஆம் ஆண்டு யூலை மாதத்தில், அன்று ஒஸ்திரியப் பேரரசுக்கு உட்பட்டிருந்ததும் இன்று செக் நாட்டில் உள்ளதுமான ஒரு சிற்றூரில், உழவர் குடும்பமொன்றில் அவர் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் யோகான். மரமொன்று வீழ்ந்து தந்தையார் படுகாயமுற்றதால், மகனின் படிப்புக்குப் பணம் அனுப்ப வழியில்லாது போயிற்று. அவ்வேளை இளைய சகோதரி தெரேசியா தன் சீதனத்தில் ஒரு பங்கைத் தமையனின் கல்விக்கென விட்டுக்கொடுத்தாள். சீதனத்தை விட்டுக்கொடுப்பது எத்துணைப் பெரிய தியாகம் என்பதை நாம் சொல்லி அறியவேண்டியதில்லை. மெண்டலும் அந்நன்றியை மறந்தாரல்லர். பிற்காலத்தில் அவளுடைய புதல்வர்களின் படிப்புக்கு உதவினார்.

1843 இல் அவர் புறூண் நகரத்து அகுஸ்தீன் சபை மடத்திற் சேர்ந்து, கிரெகர் என்னும் பெயர் பெற்றார். நோயாளரின் துன்பத்தைக் காணப் பொறாத மென்மனத்தவராகையால், மடாதிபதி அவரை ஆசிரியத் தொழிலுக்கு அனுப்பினார். 1850 இல் ஆசிரியப் பரீட்சை எழுதினார், தேறவில்லை. பின்னர் வியன்னாச் சர்வகலாசாலையில் பௌதிகமும் தாவரவியலும் பயின்று, 1856 இல் மீண்டும் முயன்றார், அப்போதும் தேறவில்லை. தகுதிப் பத்திரம் இன்றியே கற்பித்து வந்த அவர், அதே ஆண்டில் மடத்துத் தோட்டத்திலே தமது பெரும் ஆராய்ச்சியைத் தொடங்கினார்.

அவர் எடுத்துக்கொண்டது பட்டாணிச் செடி. மொட்டு விரியுமுன் கேசரங்களை அகற்றி, வேறொரு செடியின் மகரந்தத்தை இட்டு, பூவைப் பையால் மூடுவார். ஏழு இயல்புகளைத் தெரிந்து, எட்டாண்டுகளில் ஏறக்குறைய 28,000 செடிகளை ஆராய்ந்தார். உருண்டை விதைச் செடியையும் சுருங்கிய விதைச் செடியையும் கலந்தபோது, முதலில் கிடைத்த விதைகள் யாவும் உருண்டையாயிருந்தன. அவற்றை முளைக்கவைத்துத் தம்முள்ளேயே கருக்கட்டவிட்டபோது, மறைந்த சுருக்கம் மீண்டும் தோன்றிற்று. கிடைத்த 7324 விதைகளில் 5474 உருண்டையானவை; 1850 சுருங்கியவை. இது ஏறத்தாழ மூன்றுக்கு ஒன்று.

பாலும் நீரும் போலப் பெற்றோரின் இயல்புகள் கலந்துவிடுகின்றன என்றே அந்நாளில் பலர் எண்ணினர். கலந்தவை மீளப் பிரியுமோ? தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாக இரு காரணிகள் சேர்கின்றன. ஒன்று மற்றதை மறைக்கலாம், அழிப்பதில்லை. அடுத்த தலைமுறைக்குச் செல்கையில் இரண்டும் பிரிகின்றன என்று மெண்டல் கண்டார். காரணிகள் இரண்டிரண்டாய்ச் சேரும் வழிகள் நான்கு. அவற்றுள் ஒன்றில் மட்டுமே இரண்டும் சுருக்கத்திற்கு உரியவை. ஆதலாலேதான் மூன்றுக்கு ஒன்று.

1865 இல் புறூண் நகர இயற்கை ஆராய்ச்சிக் கழகத்தில் இதனை வாசித்தார். மறுவருடம் கட்டுரை அச்சாயிற்று. அதன் பெருமையை உணர்ந்தார் எவருமிலர். புகழ்பெற்ற தாவரவியலாளர் நேகெலிக்குப் பல கடிதங்கள் எழுதியும் பயனில்லை. 1868 இல் மடாதிபதியானார். மடங்களின் மீது அரசு விதித்த வரியை எதிர்த்து வாதாடுவதிலே பிற்காலம் கழிந்தது. 1884 சனவரி 6 ஆம் நாள் காலமானார். 1900 ஆம் ஆண்டில் டி விறீஸ், கொறென்ஸ், செர்மாக் ஆகிய மூவர் தனித்தனியே ஆராய்ந்து அதே உண்மைக்கு வந்தபோதுதான், உலகம் அப்பழைய கட்டுரையைத் தேடியெடுத்தது.

மெண்டல் கூறிய காரணியை இன்று நாம் பரம்பரையலகு என்கிறோம். அது டி.என்.ஏ.யில் உள்ள ஒரு பகுதி. இன்ன புரதத்தை இவ்வாறு ஆக்குக என்னும் கட்டளை போன்றது. சுருங்கிய விதையின் மர்மம் 1990 இல் வெளியாயிற்று. மாப்பொருளைக் கிளைவிடச் செய்யும் நொதியம் ஒரு புரதம். அதற்குரிய பரம்பரையலகினுள் வேண்டாத துண்டொன்று புகுந்துவிட்டதால், அப்புரதம் செவ்வனே உண்டாவதில்லை. எனவே விதையில் மாப்பொருள் குறைந்து வெல்லம் மிகுகிறது. வெல்லம் மிகுதியாக நீரை ஈர்க்கிறது. முற்றிக் காயும்போது அந்நீர் வற்ற, விதை சுருங்குகிறது. பழுதற்ற அலகு ஒன்றேனும் இருப்பின் போதிய நொதியம் கிடைத்து விதை உருண்டையாகும். ஒன்று மற்றதை மறைப்பதன் காரணம் இங்கே இதுவே. சுருங்கிய விதை தரும் பச்சைப் பட்டாணியே நாவுக்கு இனியது என்பதையும் நாம் மறத்தலாகாது. குறையென்று தோன்றுவதிலும் நயமுண்டு.

பரீட்சையில் தவறியதும் தம் வாழ்வு முடிந்ததென்று மனமுடைகின்ற இளைஞர் நம்மிடையே பலர். இருமுறை தவறிய மெண்டல் அதன்பின்னரே ஆயிரக்கணக்கான விதைகளைப் பிரித்து எண்ணினார். பாராட்டுவாரின்றி அவர் மறைந்து 16 ஆண்டுகள் சென்றபின், மறைந்திருந்த இயல்பு வெளிப்படுவது போல அவருழைப்பும் வெளிப்பட்டது. செய்யும் பணியைச் செம்மையாகச் செய்துவைப்போமாக. அதன் பயன் நம் காலத்தில் வராவிடினும் அழிந்துபோவதில்லை.