வெட்ஜ்வுட்: கோப்பையை பிராண்ட் ஆக்கிய குயவர், அடிமை வணிகத்தை எதிர்த்து பேட்ஜ் செய்த கதை

வீட்டில் இருக்கும் பீங்கான் தட்டு ஒன்றைக் கவிழ்த்துப் பாருங்கள். அடியில் கம்பெனி பெயர் இருக்கும். அதை யாரும் பெரிதாகக் கவனிப்பதில்லை. ஆனால் 250 வருஷத்துக்கு முன்னால் இங்கிலாந்தின் ஸ்டாஃபர்ட்ஷயர் குயவர்களில் பெரும்பாலோர் தங்கள் சரக்கில் பெயர் போடுவதே இல்லை. யார் செய்தால் என்ன, பானை பானைதானே என்பதுதான் நினைப்பு. அதை மாற்றியவர்களில் முக்கியமானவர் ஜோசையா வெட்ஜ்வுட். பரிணாமக் கொள்கை தந்த சார்லஸ் டார்வினுக்குத் தாய்வழித் தாத்தா.

1730-ல் பர்ஸ்லெம் என்ற ஊரில், குயவர் குடும்பத்தின் கடைசிப் பிள்ளையாகப் பிறந்தார். ஒன்பது வயதில் அப்பா இறந்துவிட, படிப்பு முடிந்தது, வேலை ஆரம்பித்தது. கொஞ்ச நாளில் அம்மை வந்தது. உயிர் பிழைத்தாலும் வலது முழங்கால் கெட்டுப்போனது. காலால் உதைத்துச் சக்கரம் சுற்ற வேண்டிய தொழிலில் இது சின்ன விஷயம் இல்லை. சக்கரத்தில் உட்கார முடியாததால்தான் அவர் கவனம் மண் கலவை, மெருகுப் பூச்சு, வடிவமைப்பு என்று திரும்பியது என்பார்கள். அது ஓரளவு உண்மையாக இருக்கலாம். ஆனால் முழங்கால் கெட்ட எல்லோரும் வெட்ஜ்வுட் ஆகிவிடவில்லை.

சரக்கு ஏன் விற்கவில்லை?

1759-ல் அவர் ஒரு சோதனை நோட்டைத் தொடங்கினார். அதன் ஆரம்பத்திலேயே அவர் எழுதியது மார்க்கெட் நிலவரம். அந்தப் பகுதியின் முக்கியச் சரக்கான வெள்ளைக் கல்மண் பாத்திரங்களின் விலை அடிமட்டத்துக்குப் போய்விட்டது, விலை குறைந்ததால் தரமும் விழுந்தது, ஆமை ஓட்டு நிறப் பாத்திரங்களும் மக்களுக்குச் சலித்துவிட்டன என்று குறித்து வைத்தார். அதனால் புதுக் கலவை, புது நிறம், புது வடிவம் எல்லாம் தேவை என்று முடிவு செய்தார். இன்றைக்கு டிசைன் ரிசர்ச் என்று சொல்கிறோமே, அதுதான் இது. முதலில் பிரச்சினை என்ன என்று கேட்டார், அதற்கப்புறம்தான் மண்ணில் கை வைத்தார்.

சோதனை வில்லைகளுக்கு எண் போட்டார். சூளையில் எந்த இடத்தில் வைத்துச் சுட்டது என்பதுவரை எழுதினார். பக்கத்துப் பட்டறைக்காரர் திருடிவிடக் கூடாது என்று ரகசியக் குறியீட்டில் எழுதினார். பிற்பாடு ஜாஸ்பர் என்ற வண்ணக் கல்மண்ணைக் கண்டுபிடிக்க ஆயிரக்கணக்கான சோதனைகள் செய்தார். சூளைச் சூட்டைக் கண்ணால் பார்த்து மதிப்பிடுவது சரிவராததால், 1782-ல் களிமண் சுருங்கும் அளவை வைத்து வெப்பம் அளக்கும் கருவி ஒன்றையும் செய்தார். அதற்காகவே அடுத்த வருஷம் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டது.

அரசியின் பெயர்

முதல் பெரிய வெற்றி பாலேடு நிறத்தில் வந்த மண் பாத்திரம். அது அவர் கண்டுபிடிப்பு அல்ல, ஏற்கெனவே இருந்ததை மேம்படுத்தினார். அந்தக் காலத்தில் இங்கிலாந்தில் டீ குடிக்கும் பழக்கம் வேகமாகப் பரவிக்கொண்டிருந்தது. சீனப் பீங்கான் விலை எட்டாத உயரம். மலிவான பாத்திரமோ முரடு. இரண்டுக்கும் நடுவில் ஒரு பெரிய இடம் காலியாகக் கிடந்தது.

1765-ல் சார்லட் அரசியிடமிருந்து டீ செட் ஒன்றுக்கு ஆர்டர் வந்தது. வெட்ஜ்வுட் அதைச் செய்து கொடுத்துவிட்டு, அரசியின் அனுமதியோடு அந்த வகைக்கே குவீன்ஸ் வேர் என்று பெயர் வைத்துவிட்டார். அரசி வீட்டுச் சரக்கு என்றதும் பிரபுக்கள் வாங்கினார்கள், பிரபுக்களைப் பார்த்து நடுத்தர வர்க்கம் வாங்கியது. இதில் சுவாரஸ்யம், அந்த வெற்றியை அவரே சந்தேகத்தோடு ஆராய்ந்ததுதான். இந்த விற்பனையில் பொருளின் பயனுக்கும் அழகுக்கும் எவ்வளவு பங்கு, அறிமுகம் செய்த விதத்துக்கு எவ்வளவு பங்கு என்று கூட்டாளி தாமஸ் பென்ட்லிக்கு 1767-ல் கடிதம் எழுதினார். பொருளுக்கு எடுக்கும் அக்கறையை அறிமுகத்துக்கும் எடுக்க வேண்டும் என்பது அவர் கண்ட விடை.

அதன்படியே நடந்தார். லண்டனில் ஷோரூம் திறந்து, மேஜையில் உணவுக்குத் தயாராக இருப்பதுபோல் தட்டுகளைப் பரப்பி வைத்தார். வருகிறவர்களுக்கு அலுக்காமல் இருக்க அடுக்கும் விதத்தை அடிக்கடி மாற்றினார். ரஷ்யப் பேரரசி கேத்தரினுக்காக 952 உருப்படிகள் கொண்ட செட் ஒன்றைச் செய்தபோது, கப்பலில் ஏற்றும் முன் 1774-ல் அதை லண்டனிலேயே கண்காட்சியாக வைத்தார். அந்த ஆர்டரில் லாபம் சொற்பம். விளம்பரத்துக்கு அளவே இல்லை.

எல்லாமே ஷோரூம் தந்திரம் என்று நினைத்துவிட வேண்டாம். ஸ்டாஃபர்ட்ஷயரின் மோசமான சாலைகளில் குதிரை முதுகில் பீங்கானை ஏற்றினால் போய்ச் சேருவதற்குள் பாதி உடைந்துவிடும். எவ்வளவு நல்ல டிசைனாக இருந்தும் என்ன பிரயோஜனம்? அதனால் டிரென்ட், மெர்சி நதிகளை இணைக்கும் கால்வாய்த் திட்டத்துக்காகப் பாடுபட்டு, 1766-ல் அவரே முதல் மண்ணை வெட்டினார். கரையிலேயே எட்ரூரியா என்ற தொழிற்சாலையைக் கட்டினார். 1777-ல் கால்வாய் முடிந்தது.

நடுவில், 1768 மே மாதம், வலது காலை முழங்காலுக்கு மேல் வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று. மயக்க மருந்து கண்டுபிடிக்கப்படாத காலம். அப்படியே விழித்திருந்து தாங்கினார். கொஞ்ச நாளில் மரக்காலோடு வேலைக்கு வந்துவிட்டார்.

1772-ல் நிதி நெருக்கடி வந்து விற்பனை விழுந்தபோது கணக்கைக் கிண்டினார். வாடகை, அச்சு செய்யும் செலவு இதெல்லாம் பத்து ஜாடி செய்தாலும் நூறு ஜாடி செய்தாலும் கிட்டத்தட்ட ஒன்றுதான் என்று கண்டார். ஆகவே விலையைக் குறைத்து நிறைய விற்கலாம். எல்லாச் சரக்கிலும் பெயர் முத்திரை என்று அவர் முடிவெடுத்ததும் அதே வருஷம்தான்.

மூன்று சென்டிமீட்டர் பேட்ஜ்

பென்ட்லியின் ஊர் லிவர்பூல். ஆப்பிரிக்கர்களைப் பிடித்து அமெரிக்கத் தோட்டங்களுக்கு விற்ற கப்பல்களின் பெரிய துறைமுகம் அது. அங்கேயே இருந்துகொண்டு அந்த வணிகத்தை எதிர்த்தவர் பென்ட்லி. 1780-ல் அவர் இறந்தார். ஏழு வருஷம் கழித்து, 1787 மே மாதம், அடிமை வணிகத்தை ஒழிக்க 12 பேர் லண்டனில் ஒரு சங்கம் தொடங்கினார்கள். சில மாதங்களில் அதன் கமிட்டியில் வெட்ஜ்வுட்டும் சேர்ந்தார்.

சங்கத்தின் முன் இருந்த சிக்கல் இதுதான்: கொடுமை நடப்பது நடுக்கடலிலும் மேற்கிந்தியத் தீவுகளிலும். லண்டன்காரர் கண்ணில் படுவது டீயில் போடும் சர்க்கரை மட்டும். சங்கத்தின் முத்திரைக்காக ஒரு படம் தேர்வானது. சங்கிலியில் கட்டுண்டு முழந்தாளிட்ட ஓர் ஆப்பிரிக்கர், தானும் மனிதன் இல்லையா, சகோதரன் இல்லையா என்று கேட்கிறார். வெட்ஜ்வுட்டின் சிற்பி வில்லியம் ஹேக்வுட் அதை வெள்ளை ஜாஸ்பரில் கறுப்பு உருவமாக வார்த்தார். மூன்று சென்டிமீட்டர் உயரம்தான். வெட்ஜ்வுட் இதை விற்கவில்லை. சொந்தச் செலவில் செய்து வாரிக் கொடுத்தார். பிரச்சாரகர் தாமஸ் கிளார்க்சனுக்கு மட்டும் 500. 1788-ல் பிலடெல்பியாவில் இருந்த பெஞ்சமின் பிராங்க்ளினுக்கும் ஒரு பொட்டலம் போனது.

மக்கள் அதைப் பொடி டப்பாவின் மூடியில் பதித்தார்கள். பெண்கள் வளையலிலும் கொண்டை ஊசியிலும் வைத்துக்கொண்டார்கள். ஓட்டுரிமை இல்லாத அந்தப் பெண்கள், வாயைத் திறக்காமலே தாங்கள் எந்தப் பக்கம் என்று காட்ட முடிந்தது. குவீன்ஸ் வேரைப் பரப்பிய அதே ஃபேஷன் இப்போது வேறு வேலைக்குப் பயன்பட்டது. 1792-ல் நாடாளுமன்றத்துக்கு 519 மனுக்கள் குவிந்தன. ஒரு பேட்ஜால் அத்தனையும் நடந்தது என்று சொல்ல முடியாது. கிளார்க்சன் ஊர் ஊராகச் சேகரித்த சாட்சியங்களும், அடிமையாக இருந்து மீண்ட ஒலாடா ஈக்வியானோ 1789-ல் வெளியிட்ட சுயசரிதையும் அதைவிடக் கனமானவை. 1793-ல் பிரிஸ்டல் போகவிருந்தபோது, கட்டாயமாகக் கடற்படைக்குப் பிடித்துக்கொண்டு போய்விட்டால் உதவ வேண்டும் என்று ஈக்வியானோ கடிதம் எழுதிக் கேட்டது வெட்ஜ்வுட்டைத்தான்.

அந்தப் படத்தின் மேல் விமர்சனமும் உண்டு, அது நியாயமானதே. முழந்தாளிட்டுக் கெஞ்சும் உருவம் வெள்ளைக்காரரின் இரக்கத்தைத் தூண்டியது. ஆனால் 1791-ல் இன்றைய ஹெய்ட்டியில் ஆயுதம் எடுத்துக் கிளம்பிய அடிமைகள் யார் முன்னும் முழந்தாளிடவில்லை. வெட்ஜ்வுட்டின் வியாபாரமும் அப்பழுக்கற்றது அல்ல. டீயும் சர்க்கரையும் பெருகப் பெருகத்தான் டீ செட்டும் விற்றது. பிடிக்கிற கையை வெள்ளையாகக் காட்டுவதால் கறுப்பு டீ பாட் நன்றாகப் போகும் என்று ஒரு காலத்தில் பென்ட்லியோடு கடிதத்தில் பேசிக்கொண்டவரும் இவரேதான்.

1795 ஜனவரி 3-ல் வெட்ஜ்வுட் இறந்தபோது அந்தக் கப்பல்கள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. பிரிட்டனில் அடிமை வணிகத்தைத் தடுத்த சட்டம் 1807-ல் வந்தது. அடிமை முறையையே ஒழிக்கும் சட்டத்துக்கு 1833 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

கம்பெனி 2009-ல் திவாலானது. பென்ஷன் பாக்கிக்காக அதன் அருங்காட்சியகச் சேகரிப்பையே விற்க வேண்டிய நிலை வந்தது. 2014-ல் பொதுமக்களும் அறக்கட்டளைகளுமாக 1.575 கோடி பவுண்டு திரட்டி அதை மீட்டார்கள். பார்லஸ்டனில் உள்ள அந்தச் சேகரிப்பில் பளபளக்கும் ஜாடிகளோடு, எண் போட்ட சின்னச் சின்னச் சோதனை வில்லைகளும் தட்டுத் தட்டாக இருக்கின்றன. பெரும்பாலானவை சரியாக வராதவை.