சகோதர பாசம் அளித்த மருந்து: டாக்டர் எல்லாப்பிரகட சுப்பாராவ் வரலாறு

புற்றுநோய் என்ற சொல்லைக் கேட்டுக் கலங்காத குடும்பம் இல்லை. அந்நோய்க்கு அறுவையும் கதிர்வீச்சும் மட்டுமன்றி மருந்தாலும் சிகிச்சை செய்யலாம் என்ற நம்பிக்கை உலகில் வேரூன்றியது 1940களில்தான். அதற்கு வழி திறந்தவர்களுள் முன்வரிசையில் நிற்பவர் சென்னையில் மருத்துவம் பயின்ற டாக்டர் எல்லாப்பிரகட சுப்பாராவ். அவர் வரலாறு, ஊரைப் பிரிந்து வாழும் நம்மனோர் அறிய வேண்டிய ஒன்று.

1895ஆம் ஆண்டு ஜனவரி 12ஆம் நாள், அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பீமாவரத்தில், எளிய தெலுங்குக் குடும்பத்தில் அவர் பிறந்தார். இளமையில் அவருக்குப் படிப்பில் நாட்டமில்லை. காசிக்குச் சென்று யாத்திரிகர்களுக்கு வாழைப்பழம் விற்றுப் பொருள் ஈட்டலாம் என்று எண்ணி வீட்டை விட்டே புறப்பட்டவர் அவர். தாயார் விடவில்லை, மீண்டும் பள்ளிக்கு அனுப்பினார். மெட்ரிகுலேஷன் பரீட்சையில் இருமுறை தவறி, மூன்றாம் முறை சென்னை இந்து உயர்நிலைப் பள்ளியிலிருந்து எழுதித் தேறினார். பின்னர் மாநிலக் கல்லூரியில் பயின்று, சென்னை மருத்துவக் கல்லூரியை அடைந்தார்.

அங்கும் சோதனை காத்திருந்தது. காந்தியடிகளின் அழைப்பை ஏற்ற அவர், அறுவைச் சிகிச்சை வேளையிலும் கதராடையே அணிந்தார். ஆங்கிலேயப் பேராசிரியருக்கு இது பொறுக்கவில்லை. அதன் விளைவாக, எம்.பி.பி.எஸ். பட்டம் கிட்டாமல், அதனினும் தாழ்ந்த எல்.எம்.எஸ். பட்டமே கிடைத்தது. அரசாங்க மருத்துவ உத்தியோகமும் வாய்க்கவில்லை. சென்னையில் ஓர் ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூற்று ஆசிரியராக அமர்ந்தார்.

இதற்கிடையில் குடும்பத்தில் இடி விழுந்தது. சில நாள் இடைவெளியில் சகோதரர் இருவரை நோய் கொண்டு போயிற்று. உண்ட உணவு உடலில் ஒட்டாது கழிந்து, இரத்தம் வற்றி மெலியச் செய்யும் ஸ்புரூ என்பது அந்நோய். நம் முன்னோர் சங்கிரகணி என்று கூறியதும் இத்தகையதே. அதற்கு மருந்து யாது என்று அந்நாளில் எவரும் அறியார். இந்நோயை வெல்ல வேண்டும் என்ற உறுதி அவர் நெஞ்சில் பதிந்தது. மாமனார் முதலியோரின் உதவியுடன், இளம் மனைவியைத் தாயகத்தில் விட்டு, 1920களின் தொடக்கத்தில் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார்.

பாஸ்டன் நகரில் ஹார்வர்டு சர்வகலாசாலையில் வெப்ப நாட்டு நோய் மருத்துவம் பயின்றார். கையில் பணமில்லை, பட்டத்திற்கோ மதிப்பில்லை. ஆகவே ஆஸ்பத்திரியில் இரவுப் பணியாளாகச் சேர்ந்து, நோயாளிகளின் மலஜலப் பாத்திரங்களைக் கழுவி வயிறு வளர்த்தார். பின்னர் அங்கேயே உயிர் இரசாயன ஆராய்ச்சியில் புகுந்தார். உடலிலுள்ள பாஸ்பரஸை அளக்கும் முறையை ஃபிஸ்கே என்ற பேராசிரியருடன் கண்டு 1925இல் வெளியிட்டார். அம்முறை இருவர் பெயராலும் வழங்குகிறது. 1930இல் டாக்டர் பட்டமும் பெற்றார். எனினும் நிலையான ஆசிரியர் பதவி அவருக்கு அளிக்கப்படவில்லை.

1940இல் லெடர்லி என்னும் மருந்து நிறுவனத்தின் ஆராய்ச்சிக் கூடத்தை அடைந்தார். அங்கே அவருடைய குழுவினர் 1945இல் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாக ஆக்கினர். ஸ்புரூவால் வற்றிய இரத்தத்தை மீண்டும் ஊறச் செய்யும் பொருள் அது. சகோதரர்களைக் காக்க முடியாதுபோன கரங்கள், இருபதாண்டுகளுக்கு மேல் உழைத்து, மற்றவர்தம் சகோதரர்களைக் காக்கும் மருந்தைத் தந்தன. கர்ப்பிணிகளுக்கு அரசு சுகாதார நிலையங்களில் தரப்படும் இரும்புச்சத்து மாத்திரையில் இன்றும் அது கலந்திருக்கிறது.

பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் என்ற மருத்துவர், இரத்தப் புற்றுநோயால் மடியும் குழந்தைகளுக்கு மருந்து தேடிக்கொண்டிருந்தார். ஃபோலிக் அமிலம் அந்நோயை வளர்ப்பதாக அவர் ஐயுற்றார். அதற்கு மாறான பொருள்களை அளித்தது சுப்பாராவ் குழு. அமினோப்டெரின் அவற்றுள் ஒன்று. பூட்டினுள் நுழைந்தும் திறவாத சாவியைப் போல, அது ஃபோலிக் அமிலத்தின் இடத்தில் அமர்ந்து நோயணுக்கள் பெருகாமல் தடுத்தது. 16 குழந்தைகளுக்கு மருந்து தரப்பட்டு, 10 குழந்தைகள் குணம் கண்டதாக 1948 ஜூனில் ஃபார்பர் வெளியிட்டார். அக்குணம் சில மாதங்களே நிலைத்தது. ஆயினும் அசையாதென்றிருந்த மலை அசைந்தது.

இரு மாதங்களில், 1948 ஆகஸ்டில், சுப்பாராவ் உறக்கத்திலேயே காலமானார். வயது 53. இந்தியா சுதந்திரம் பெற்றதை அறிந்தார். அந்த மண்ணை மிதிக்கவில்லை. கப்பலேறிய நாளுக்குப் பின் மனைவியைக் காணவுமில்லை.

அவர் கூடத்தில் பிறந்த மெதோட்ரெக்ஸேட் என்னும் மருந்தால், 1956இல், கருப்பையில் தோன்றும் ஒருவகைப் புற்றுநோய் பரவிய நிலையிலும் முற்றும் குணமாயிற்று. இன்றும் குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்கும், மூட்டுவாதத்திற்கும் அது வழங்குகிறது. யானைக்கால் நோய்க்குத் தரப்படும் மாத்திரையும் அவர் குழுவின் கொடையே.

தம் பெயரை முன்னிறுத்த அவர் விரும்பியதில்லை. 1995இல் அவர் நூற்றாண்டை ஒட்டி நம் அரசு அஞ்சல்தலை வெளியிட்டுப் பெருமை செய்தது. பரீட்சையில் தவறிய பிள்ளை உள்ள இல்லங்களில் இவ்வரலாறு ஒருமுறை உரக்கப் படிக்கப்படுமாயின், அதுவும் அப்பெரியாருக்குச் செய்யும் சிறப்பே ஆகும்.