டைட்டஸ் சால்ட்

ஈகை என்பது யாது? கையிலுள்ள பொருளிற் சிறிது கிள்ளிக் கொடுத்தலா? அன்றிப் பெற்றவர் தம் காலில் தாமே நிற்கும்படி செய்தலா? இவ்வினாவை உள்ளத்திற் கொண்டு, விக்டோரியா அரசியார் காலத்து இங்கிலாந்தில் நகரத் தலைவராகவும் பெருங்கொடையாளராகவும் விளங்கிய டைட்டஸ் சால்ட் என்பாரின் வரலாற்றை ஈண்டு நோக்குவோம்.

சால்ட் 1803ஆம் ஆண்டு செப்டம்பர் 20ஆம் நாள், யார்க்ஷயர் பகுதியில் லீட்ஸ் நகருக்கு அண்மையிலுள்ள மார்லி என்னும் ஊரிற் பிறந்தார். தந்தையார் டேனியல் சால்ட் சில காலம் உழவு செய்து, பின்னர் பிராட்போர்டு நகரிற் குடியேறிக் கம்பளி மயிர் வாணிகம் நடத்தினார். 1824இல் மகனும் அவ்வாணிகத்திற் கூட்டாளியானார். ருசிய நாட்டிலிருந்து வந்த முரட்டுக் கம்பளி மயிரை நூற்போர் எவரும் வாங்க மறுத்தனர். சால்ட் மனந்தளர்ந்தாரல்லர், தாமே ஆலை அமைத்து அதனை நூற்றுக் காட்டினார். 1836இல் லிவர்ப்பூல் துறைமுகக் கிடங்கொன்றில், வாங்குவாரின்றிக் கிடந்த மூட்டைகளை அவர் கண்ணுற்றார். அவை தென் அமெரிக்காவில் வாழும் அல்பாக்கா என்னும் விலங்கின் மயிர். பலவகையாக ஆய்ந்து பார்த்து, அதிலிருந்து பட்டுப்போல் மின்னும் துணியை நெய்வித்தார். மகளிர் அதனை விரும்பி அணிந்தனர், சால்ட் பெருஞ்செல்வரானார்.

நிற்க. அந்நாளைய பிராட்போர்டின் நிலையையும் நாம் அறிதல் வேண்டும். நூற்றாண்டின் தொடக்கத்திற் சிற்றூராயிருந்த அது, 1851இல் ஒரு லட்சம் மக்களைக் கொண்ட நகராகி விட்டது. ஆலைப் புகைபோக்கிகள் வானை மறைத்தன. கழிவுநீர் ஓடையிற் கலந்தது. உழைப்போர் நெருக்கமான இருட்டறைகளிற் பலராகக் கூடி உறங்கினர். 1848இல் சால்ட் அந்நகரின் மேயரானார். அடுத்த ஆண்டே காலரா நோய் பரவி நானூறுக்கு மேற்பட்டோரைக் கொன்றது. ஆலைப் புகையைக் குறைக்கும் கருவியொன்றைச் சால்ட் தம் ஆலைகளிற் பொருத்தினார். ஏனைய ஆலைகளும் அவ்வாறே செய்தல் வேண்டுமென முயன்றார். பிற முதலாளிகள் இசைந்தாரில்லை. இலாபத்தின் முன் பிறர் உயிர் அவர்கட்குச் சிறிதாகத் தோன்றியது போலும்!

நகரைத் திருத்த இயலாமை கண்ட சால்ட், நகருக்கு வெளியே புதியதோர் ஊரை எழுப்பத் துணிந்தார். பிராட்போர்டிலிருந்து ஏறத்தாழ மூன்று மைல் தொலைவில், ஏர் என்னும் ஆற்றின் கரையில், கால்வாயும் இருப்புப்பாதையும் அமைந்த இடத்தைத் தேர்ந்தார். தம் பெயரையும் ஆற்றின் பெயரையும் இணைத்து அதற்குச் சால்ட்டேர் எனப் பெயரிட்டார். தம் ஐம்பதாம் பிறந்தநாளான 1853 செப்டம்பர் 20இல் அங்கே புதிய ஆலையைத் திறந்தார். அதன் முகப்பு 545 அடி நீளமுடையது. இயந்திரங்களை இயக்கும் தண்டுகளுட் பெரும்பாலானவை, இரைச்சல் குறையும் பொருட்டு நிலத்தடியில் அமைக்கப்பெற்றன. மூவாயிரத்துக்கு மேற்பட்டோர் அங்கு வேலை செய்தனர்.

ஆலையைச் சுற்றி எண்ணூறுக்கு மேற்பட்ட கல்வீடுகள் எழுந்தன. நீர், எரிவாயு விளக்கு, தனிக் கழிப்பறை ஆகியன வீடுதோறும் இருந்தன. தொழிலாளர் குடும்பத்திற்கு அந்நாளில் இவை கனவிலும் கிட்டாதவை. குளியலறைகளும் சலவைக் கூடமும் அமைந்தன. மருத்துவமனை, பள்ளி, நூலகத்தோடு கூடிய கல்விக் கழகம், பூங்கா என ஒவ்வொன்றாகப் பின்னர் வந்தன. முதியோர்க்கென 45 இல்லங்கள் கட்டி, அங்கு வாழ்ந்தோர்க்கு வாரந்தோறும் உதவிப்பணமும் அளித்தார். மதுக்கடைக்கு மட்டும் ஊரில் இடமில்லை.

1859 முதல் 1861 வரை சால்ட் பிராட்போர்டின் சார்பிற் பாராளுமன்ற உறுப்பினராக இருந்தார். அவர் மிகுதியாகப் பேசும் இயல்பினரல்லர். உடல்நலம் குன்றவே அப்பதவியைத் துறந்தார். 1869இல் பாரனெட் பட்டம் பெற்றார். 1876 டிசம்பர் 29இல் அவர் மறைந்தபோது, ஒரு லட்சம் மக்கள் வழிநெடுக நின்று இறுதி வணக்கம் செலுத்தினர் என்பர். வாழ்நாளில் அவர் வழங்கிய கொடை ஐந்து லட்சம் பவுன் அளவினதென மதிப்பிடப்பெற்றுள்ளது.

இத்தகைய பெருமகனாரிடம் குறையே இல்லையோ எனின், உண்டு. அதனை மறைப்பது வரலாறாகாது. தொழிற்சங்கங்களை அவர் விரும்பினாரல்லர். வீடுகள் யாவும் அவருடையனவே. குடியிருந்தோர் வாடகை செலுத்தினர். ஊரின் நடைமுறைகளை வகுத்தவரும் அவரே. உழைத்தோர்க்கு நல்லில்லம் கிடைத்தது. தம் ஊரைத் தாமே ஆளும் உரிமை கிடைத்திலது.

இதன் விளைவு அவர் மறைவுக்குப் பின் வெளிப்பட்டது. 1892இல் நிறுவனம் நொடித்தது. மறு ஆண்டே ஆலையும் ஊரும் பிராட்போர்டு வணிகர் சிலர் கைக்கு மாறின. 1933இல் வீடுகள் மீண்டும் வேறொரு நிறுவனத்திற்கு விற்கப்பட்டன. தாம் வாழ்ந்த வீடு கைமாறியபோது, அதனுள் வாழ்ந்தோரைக் கேட்டவர் யார்? ஆலை 1986இல் நின்றது. ஊர் மட்டும் நின்று, 2001இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக யுனெஸ்கோவால் ஏற்கப்பெற்றது.

சால்ட்டை நாம் போற்றுகின்றோம். தம்மை ஒத்த செல்வர் பலர் புகையினூடே பொன்னை மட்டும் எண்ணிக்கொண்டிருந்த காலத்தில், உழைப்போர் உயிரையும் எண்ணியவர் அவர். ஆயினும், நல்லவர் ஒருவரின் உள்ளத்தை மட்டும் நம்பி நிற்கும் நலம் அவர் ஆயுளளவே உறுதியுடையது. தூய நீரும் காற்றும் நல்லில்லமும் கல்வியும் ஒருவர் மனமுவந்து தரும் கொடையாக வருதல் நன்று. எவரும் பறிக்கவொண்ணா உரிமையாக நிலைபெறுதல் அதனினும் நன்று. கொடுக்கும் நிலையிலுள்ளோர் சால்ட்டின் கையைப் பின்பற்றுக. பெறும் நிலையிலுள்ளோர் பெற்றதைக் கொண்டு கற்று, ஒன்றுபட்டு, இனிப் பிறர் கையை எதிர்பாரா நிலையை எய்துக. தொடக்கத்தில் நாம் எழுப்பிய வினாவிற்கு இதுவே விடையாம்.