முதல் வெற்றி தேடித் தந்த சுசூகி



சுசூகி என்றதும் உங்களுக்கு பைக்தான் ஞாபகம் வரும். எனக்கும் அப்படித்தான் வந்தது. ஆனால் இவர் வேற சுசூகி. கால்பந்து வீரர் ஷிகேயோஷி சுசூகி.

இவர் 1902 அக்டோபர் 13-ல் ஜப்பான் நாட்டில் ஃபுகுஷிமா என்ற இடத்தில் பிறந்தார். அப்போ ஜப்பானில் கால்பந்து அவ்வளவாகப் பரவவில்லை. சுசூகி டோக்கியோவில் வசேடா கல்லூரியில் சேர்ந்தார். அந்தச் சமயம் பர்மாவிலிருந்து சோ டின் என்ற மாணவர் டோக்கியோவில் தொழில்கல்வி படிக்க வந்திருந்தார். பந்தை எப்படி உதைக்கணும், எப்படிக் கைமாற்றாமல் காலாலேயே சேர்த்துக் கொடுக்கணும் என்று அவர் படிப்படியாகச் சொல்லிக் கொடுத்தார். சுசூகியும் நண்பர்களும் அவரிடம் கற்றுக்கொண்டார்கள். பலன் என்ன தெரியுமா? கல்லூரிகளுக்கு இடையிலான போட்டியில் 1923, 1924 இரண்டு வருஷமும் அவர்கள் அணிக்கே கோப்பை!

சுசூகி பின்வரிசை ஆட்டக்காரர். அதாவது எதிரி கோல் போடாமல் தடுக்கிறவர். 1927-ல் சீனாவின் ஷாங்காய் நகரில் தூரகிழக்கு விளையாட்டுப் போட்டி நடந்தது. சீனாவிடம் ஜப்பான் 5-1 என்று தோற்றது. ஆனால் இரண்டு நாள் கழித்து பிலிப்பைன்ஸை 2-1 என்று ஜெயித்தது. ஜப்பான் தேசிய அணிக்கு அதுதான் முதல் வெற்றி. அதில் ஒரு கோல் நம்ம சுசூகி போட்டது!

பிறகு அவர் பயிற்சியாளர் ஆனார். 1930-ல் டோக்கியோவில் நடந்த போட்டியில் ஜப்பான் பிலிப்பைன்ஸை 7-2 என்று வென்றது. சீனாவோடு 3-3 சமம். அதனால் இரண்டு நாடும் முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டன.

அடுத்துதான் முக்கியமான கட்டம். 1936-ல் பெர்லின் ஒலிம்பிக். ஜப்பான் அணி சைபீரியா வழியாக ரயிலில் பல நாள் பயணம் செய்து ஜெர்மனி போய்ச் சேர்ந்தது. அங்கே உள்ளூர் அணிகளோடு பயிற்சி ஆட்டம் ஆடினார்கள். தோல்விதான். காரணம் என்ன? 1925-ல் ஆஃப்சைடு விதி மாறியிருந்தது. அதனால் கோல் போடுவது சுலபமாகிவிட்டது. ஐரோப்பாக்காரர்கள் உஷாராகி, பின்னால் 3 பேரை நிறுத்தித் தடுத்தார்கள். ஜப்பானோ பழையபடி 2 பேரைத்தான் நிறுத்தியிருந்தது.

சுசூகி இத்தனை வருஷம் ஆடிய ஆட்டத்தை விடமாட்டேன் என்று பிடிவாதம் பிடிக்கவில்லை. போட்டிக்குச் சில நாள்தான் இருந்தது. ஆனாலும் 3 பேர் முறைக்கு அணியை மாற்றிவிட்டார்.

ஆகஸ்ட் 4. எதிரே பலமான ஸ்வீடன். தோற்றால் உடனே மூட்டை கட்ட வேண்டியதுதான். பாதி ஆட்டத்தில் ஸ்வீடன் 2-0 என்று முன்னிலை. அவ்வளவுதான் என்று எல்லோரும் நினைத்திருப்பார்கள். இடைவேளைக்குப் பிறகு கவமோட்டோ ஒரு கோல், உகோன் ஒரு கோல். முடிய 5 நிமிஷம் இருக்கும்போது மட்சுனாகா ஒரு கோல். 3-2! ஒலிம்பிக் கால்பந்தில் ஜப்பானுக்கு முதல் வெற்றி. வானொலியில் வர்ணனை செய்த ஸ்வீடன்காரர் எங்கே பார்த்தாலும் ஜப்பானியர் வருகிறார்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்லும்படி ஆகிவிட்டது. இதை பெர்லின் அதிசயம் என்கிறார்கள். அடுத்த ஆட்டத்தில் இத்தாலியிடம் 8-0 என்று தோற்றதையும் மறைக்கக் கூடாது. அந்த இத்தாலிதான் தங்கம் வாங்கியது.

1940 ஒலிம்பிக் டோக்கியோவில் நடப்பதாக இருந்தது. போரினால் நடக்கவில்லை. கோல் போட்ட மூவரில் மட்சுனாகாவும் உகோனும் போரில் இறந்துவிட்டார்கள். மைதானத்தில் ஓடிய கால்களைப் போர்முனைக்கு அனுப்பிவிட்டார்களே என்று படிக்கும்போது எனக்கு ரொம்ப வருத்தமாக இருந்தது. தான் அழைத்துப் போன பையன்கள் திரும்பி வராதபோது சுசூகியின் மனசு என்ன பாடுபட்டிருக்கும்!

சுசூகி 1971 டிசம்பர் 20-ல், 69 வயதில் காலமானார். 2005-ல் ஜப்பான் கால்பந்துப் புகழ்க்கூடம் தொடங்கிய வருஷமே அவர் பெயரும் அதில் சேர்க்கப்பட்டது.

தோழிகளே, நம்ம பி.டி. பீரியடில் எல்லோருக்கும் முன்னால் நின்று கோல் போடத்தான் ஆசை. பின்னால் நில் என்றால் முகம் சுருங்கிவிடும், என்னையும் சேர்த்துத்தான். ஆனால் பெர்லினில் பின்னால் ஒரு ஆளைக் கூட்டியதால்தான் முன்னால் மூன்று கோல் விழுந்தது. தப்பு என்று தெரிந்தால் கடைசி நேரத்திலும் மாற்றிக்கொள்ளலாம் என்பதையும் சுசூகி காட்டிவிட்டார். இனிமேல் என்னைப் பின்னால் நிறுத்தினால் நான் சந்தோஷமாக நிற்பேன். நீங்களும்தானே?



– 9ஆம் வகுப்பு மாணவி